பூவுக்கு முழம், பொன்னுக்குப் பவுன்... காய்ச்சலுக்கு?

போன ஐப்பசி அடைமழையில் நடந்த சங்கதி இது. மகளும் மருமகனும் ஒரு கல்யாணத்துக்காகத் திருநெல்வேலி போயிருந்தார்கள். வீட்டில் நான், என் மாமியார், நாலு வயசுப் பேத்தி, மூன்று பேர்தான். சாயங்காலம் குழந்தை சோர்ந்து போய்ப் படுத்துவிட்டாள். நெற்றியில் கை வைத்தால் அடுப்பு மாதிரி கொதிக்கிறது.

பாதரசம் ஏறுகிற பழைய தெர்மாமீட்டர் எங்கள் வீட்டில் எப்போதோ உடைந்து போனது. மகள் புதிதாக வாங்கி வைத்திருந்த, எண் தெரிகிற தெர்மாமீட்டரை எடுத்து அக்குளில் வைத்தேன். 'பீப்' என்று கத்தியது. பார்த்தால் 38.9.

"முப்பத்தெட்டுதான் இருக்கு அத்தை" என்றேன்.

"அப்ப ஒண்ணுமில்லம்மா. மழைக் குளிரு பிடிச்சிருக்கும். சுக்குத் தண்ணி வச்சுக் குடு" என்றார் மாமியார்.

எங்கள் இரண்டு பேருக்கும் காய்ச்சல் என்றால் நூறு, நூற்றியொன்று, நூற்றிரண்டு. அதுதான் கணக்கு. முப்பத்தெட்டு என்பது எங்களுக்குக் காய்ச்சலே இல்லை. கை 'கொதிக்குது' என்கிறது, மெஷின் 'முப்பத்தெட்டு' என்கிறது. நான் கையை விட்டுவிட்டு மெஷினை நம்பினேன். சுக்குத் தண்ணீர் வைத்துக் கொடுத்துவிட்டுக் கம்பளியை வேறு இழுத்துப் போர்த்திவிட்டேன்!

ஒரு மணி நேரம் கழித்து எதிர்வீட்டுப் பெண் பால் பாக்கெட் கொடுக்க வந்தாள். நர்சிங் படிக்கிறவள். தெர்மாமீட்டரை வாங்கிப் பார்த்தவள் பதறிவிட்டாள். "பெரியம்மா, இது செல்சியஸ்ல காட்டுது. 38.9னா 102 காய்ச்சல்! மொதல்ல அந்தக் கம்பளியை எடுங்க" என்றாள். பட்டனைக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்தாள். அதே மெஷினில் 102 என்று வந்தது. எனக்கு அடிவயிறு கலங்கிப் போனது. அவளே ஆட்டோ பிடித்து டாக்டரிடம் கூட்டிப் போனாள். நல்லவேளை, இரண்டு நாளில் குழந்தை சரியாகிவிட்டாள்.

டாக்டர் எழுதிக் கொடுத்த சிரப் சீட்டில் '5 மி.லி.' என்று இருந்தது. மாமியார் வழக்கம் போல ஊறுகாய் ஜாடிப் பக்கம் இருந்த ஸ்பூனை எடுத்து வந்தார். "அத்தை, அந்தக் காலத்துல 'ஒரு டீஸ்பூன்'னு எழுதுனாங்க. நம்ம வீட்டுல நாலு தினுசு ஸ்பூன் கெடக்கு, எது டீஸ்பூன்?" என்று கேட்டு, மருந்தோடு வந்த மூடியில் கோடு பார்த்து ஊற்றினேன். அதோடு இன்னொன்றும் அன்றைக்குத்தான் தெரிந்தது. ஒரே காய்ச்சல் மருந்து 5 மில்லியில் 120 மில்லிகிராம் என்றும் வருகிறது, 250 மில்லிகிராம் என்றும் வருகிறது. பழைய பாட்டிலை நினைத்துக்கொண்டு புதுப் பாட்டிலில் அதே அளவு ஊற்றினால் இரண்டு மடங்காகிவிடும். பாட்டிலில் பொடி எழுத்தில் போட்டிருப்பதை டாக்டரிடம் காட்டிக் கேட்டுக்கொண்டேன்.

அந்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. படுத்துக்கொண்டே யோசித்தேன். காலையில் எழுந்ததிலிருந்து படுக்கிற வரை நாம் எத்தனை விதமான அளவுகளில் பேசுகிறோம்! பால் லிட்டரில். பூ முழத்தில். நகை பவுனில். துணி மீட்டரில், ஆனால் தையல் அளவு இஞ்சில். மாப்பிள்ளை உயரம் அடியில், எடை கிலோவில். ஊருக்குப் போகிற தூரம் கிலோமீட்டரில், ஆனால் பையன் பரீட்சையில் பாஸ் ஆனால் அது 'மைல்கல்'. ஒரே பேச்சில் இத்தனையும் வரும், ஒருவருக்கும் குழப்பம் வராது. ஏனென்றால் எந்தப் பொருளுக்கு எந்த அளவு என்பது நம் கைக்கும் கண்ணுக்கும் பழகியிருக்கிறது. பழகின பொருள் பழகாத அளவில் வந்து நிற்கும்போதுதான் என்னை மாதிரி விழிக்க வேண்டியிருக்கிறது.

வெயிலையே பாருங்கள். சித்திரையில் 'மதுரையில் வெயில் சதம்' என்று பத்திரிகையில் தலைப்பு வரும். எந்தச் சதம்? பாரன்ஹீட்டில் நூறு. வானிலை நிலையத்துக்காரர்கள் கொடுப்பதோ செல்சியஸ். நூறு பாரன்ஹீட் என்பது அவர்கள் கணக்கில் 37.8. 'வெயில் 37.8' என்று தலைப்புப் போட்டால் நாம் பக்கத்தைத் திருப்பிவிடுவோம். 'சதம்' என்றால்தான் மோர்ப் பானையை வெளியே எடுப்போம்.

வைகை அணையும் அப்படித்தான். 1959-ல் திறந்த அணை. தண்ணீர் தேக்குகிற முழு மட்டம் 71 அடி என்பது மதுரையில் பள்ளிக்கூடப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். நீர்மட்டம் 66 அடி வந்தால் கரையோரத்துக்கு முதல் எச்சரிக்கை, 68.5 அடியில் இரண்டாவது, 69 அடியில் மூன்றாவது. பெரியாறு அணைக்கு 142 அடி. 2014-ல் சுப்ரீம் கோர்ட் அனுமதித்த அளவு அது. அடியில்தான் சர்க்காரே சொல்கிறது, கன அடியில்தான் தண்ணீர் திறக்கிறது. ஆனால் அதே அணையில் பெய்த மழையை மில்லிமீட்டரில் சொல்வார்கள்! எங்கள் பக்கத்து கிராமத்து ஆட்களுக்கு அந்த மில்லிமீட்டரும் வேண்டாம். "ஒரு உழவு மழை பேஞ்சிருக்கு" என்பார்கள். ஏர் பூட்டி உழுகிற அளவுக்கு மண் நனைந்திருக்கிறது என்று அர்த்தம். மண்ணை உழுகிறவனுக்கு அதைவிட என்ன கணக்கு வேண்டும்?

என் மாமியாருக்கு 84 வயது. மதுரைக்குக் கிழக்கே ஒரு கிராமத்தில் பிறந்து, 1960-ல் கல்யாணமாகி டவுனுக்கு வந்தவர். "எங் கல்யாணத்துக்கு வீசையில காய் வாங்குனாக. மூத்தவன் பேறுகாலத்துக்குக் கிலோவுல வாங்குனாக" என்று சொல்லிச் சிரிப்பார். அதில் ஒரு சரித்திரமே இருக்கிறது. எடையளவுகளை மாற்றும் சட்டம் 1956-ல் வந்தது. 1957 ஏப்ரல் 1-ல் நயா பைசா வந்தது. அதுவரை ரூபாய்க்கு 16 அணா, 64 பைசா, 192 தம்பிடி. அன்றிலிருந்து ரூபாய்க்கு 100 பைசா. 1958 அக்டோபரிலிருந்து கிலோ எடைக்கற்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் கடைக்கு வந்தன. 1962 ஏப்ரலோடு பழைய அளவுகள் சட்டப்படி செல்லாமல் போயின.

சட்டத்தில்தான் செல்லாமல் போனது. வாயில் போகவில்லை. மாமியார் 25 பைசாவை நாலணா என்றுதான் சொல்வார், 50 பைசா எட்டணா. 2011 ஜூன் 30-ஓடு 25 பைசாக் காசே செல்லாது என்று ஆகிவிட்டது. ஆனாலும் யாராவது அற்பமாக நடந்துகொண்டால் எங்கள் வீட்டில் "நாலணா பெறாத விஷயம்" என்று இன்றைக்கும் சொல்கிறோம். "நீ சொல்றது பதினாறணா உண்மை" என்றும் சொல்கிறோம். நூறு பைசா உண்மை என்று யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா?

அரிசிக் கதையும் இப்படித்தான். 1962-ல் படி செல்லாமல் போய் ஐந்து வருஷம் கழித்து, 1967 தேர்தலில் தி.மு.க. 'ரூபாய்க்கு மூன்று படி அரிசி' என்றுதான் பேசியது. ஓட்டுக் கேட்கிறவர்களுக்குத் தெரியாதா, எந்த அளவைச் சொன்னால் பெண்களுக்கு உலை கொதிப்பது கண்ணில் தெரியும் என்று! கிலோக் கணக்கில் சொல்லியிருந்தால் அடுப்படிக்கு எட்டியிருக்குமா என்பது சந்தேகம்தான்.

எங்கள் அடுப்படியில் இன்னும் உழக்கு இருக்கிறது. பித்தளை உழக்கு, மாமியாரின் சீதனம். இரண்டு ஆழாக்கு ஒரு உழக்கு, இரண்டு உழக்கு ஒரு உரி, இரண்டு உரி ஒரு படி. எட்டுப் படி ஒரு மரக்கால், பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம். மாமியார் இதை வாய்ப்பாடு மாதிரி ஒப்பிப்பார். இட்லிக்கு "நாலு உழக்கு அரிசி, ஒரு உழக்கு உளுந்து" என்று நான் என் மகளுக்குச் சொன்னபோது, "உழக்குனா எத்தனை மில்லிம்மா?" என்று கேட்டாள். "எதுவா இருந்தா என்னடி, காபி டம்ளரையே உழக்குன்னு வச்சுக்கோ. நாலுக்கு ஒண்ணு, அவ்வளவுதான்" என்றேன். ஒரே பாத்திரத்தால் இரண்டையும் அளந்தால் எந்தப் பாத்திரமானால் என்ன? ஆனால் விலை கொடுத்து வாங்குகிற இடத்தில் அப்படி இருக்க முடியாது. பெரிய படி, சின்னப் படி என்று ஊருக்கு ஊர் படி மாறும். அடியில் குழிவாகத் தட்டி வைத்த படியும் உண்டு. கடலைக்காய் விற்கிறவர் 'தலை தட்டி' அளக்கிறாரா, 'கோபுரமாக' அளக்கிறாரா என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும். கோபுரம் கட்டி அளக்கிறவரிடம் படியின் உள்பக்கத்தை ஒரு தரம் எட்டிப் பார்ப்பது என் வழக்கம்.

வீட்டில் விசேஷம் என்றால் அந்தப் படிக்குத் தனி மரியாதை. குத்துவிளக்குப் பக்கத்தில் நெல்லோ அரிசியோ நிறைத்து நிறைபடி வைக்கிறோம். அங்கே ஒன்றரைக் கிலோ அரிசிப் பாக்கெட்டைக் கொண்டுபோய் வைக்க யாருக்கும் மனசு வராது.

எடைக் கணக்கு வேறு. 3 தோலா ஒரு பலம், 8 பலம் ஒரு சேர், 5 சேர் ஒரு வீசை. இன்றைய கணக்கில் பலம் 35 கிராம், சேர் 280 கிராம், வீசை 1 கிலோ 400 கிராம். வீசை போயே போய்விட்டது. "ஒரு சேர் கத்தரிக்கா" என்று கேட்டவர்கள் 'கால் கிலோ'வுக்கு மாறிவிட்டார்கள். இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதானே. மாறினாலும் நம் பேச்சை விட்டுக்கொடுக்கவில்லை பாருங்கள். மார்க்கெட்டில் '250 கிராம்' என்று எந்தப் பெண்ணும் கேட்டு நான் பார்த்ததில்லை. காக்கிலோ, அரைக்கிலோ, முக்காக்கிலோதான். சின்னச் சாமான் என்றால் கிராமையும் விட்டுவிட்டு "நூறு பூண்டு, ஐம்பது சீரகம்" என்கிறோம். கொத்தமல்லி, கருவேப்பிலைக்கு அதுவும் இல்லை. "பத்து ரூவாய்க்குக் குடுப்பா." ரூபாயே அங்கே அளவு!

பலம் மட்டும் ஓர் இடத்தில் ஒளிந்துகொண்டு பிழைத்திருக்கிறது. நாட்டு மருந்துக் கடையில். மகள் பிரசவத்துக்கு வந்திருந்தபோது மாமியார் கைப்பட எழுதிக் கொடுத்த லேகியச் சீட்டில் சுக்கு 2 பலம், மிளகு 1 பலம் என்று எல்லாம் பலத்தில்தான் இருந்தது. கடையில் நின்ற பையன், "பலம்னா என்னம்மா, பவரா?" என்று கேட்டான்! உள்ளேயிருந்து பெரியவர், "முப்பத்தஞ்சு கிராம்டா, ரெண்டு பலத்துக்கு எழுபது போடு" என்று குரல் கொடுத்தார். அந்தப் பெரியவர் இல்லாத நாளில் போயிருந்தால் பையன் பலத்துக்கு நூறு கிராம் போட்டாலும் போட்டிருப்பான். பெற்ற வயிறு என்னத்துக்கு ஆகும்?

இனி மல்லிகைக்கு வருகிறேன். மதுரைக்காரி பூவைப் பற்றி எழுதாவிட்டால் எப்படி? மதுரை மல்லிக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் அது கிலோவில் விற்கிறது. மார்கழி, தை பனியில் செடி பூக்காது. அதோடு முகூர்த்தமும் சேர்ந்தால் கிலோ ஆயிரக்கணக்கில் போகும். தராசில் வாங்கிப் போகிற அதே பூ, நாரில் கட்டியானதும் தராசை மறந்துவிடுகிறது. மீனாட்சி அம்மன் கோயிலைச் சுற்றிச் சித்திரை வீதியில் முழம்தான்.

முழம் என்றால் முழங்கை மூட்டிலிருந்து நடுவிரல் நுனி வரை. சாண் இரண்டு சேர்ந்தால் முழம், முழம் இரண்டு சேர்ந்தால் கஜம். கணக்குப்படி ஒன்றரை அடி, சுமார் 45 சென்டிமீட்டர். ஆனால் யார் முழங்கை? வாங்குகிற என் கையா, விற்கிற அக்காவின் கையா? அவர் கைதான். போன தை மாதம் நானும் மூத்த பேத்தியும் போயிருந்தோம். பள்ளிக்கூடப் பையோடு வந்திருந்தவள், பூக்கார அக்கா அளந்து வைத்த சரத்தின் மேல் தன் ஸ்கேலை வைத்துவிட்டாள்! 30-ம், அப்புறம் 12-ம். "பாட்டி, 42 சென்டிமீட்டர்தான் இருக்கு!" என்று ஊர் கேட்கக் கத்தினாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

பூக்கார அக்கா கோபப்படவே இல்லை. "ஏந்தாயி, என் கை அம்புட்டுத்தான். நெட்டையான ஆளுகிட்ட வாங்குனா நீளமாக் கெடைக்கும். ஆனா அவுக கட்டுன இடைவெளியையும் ஸ்கேல வச்சுப் பாரு" என்றார். பக்கத்துக் கூடையைக் காட்டினார். அங்கே பூவுக்கும் பூவுக்கும் நடுவே நார் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. இவர் கட்டியதோ விரல் நுழையாத நெருக்கம். வாஸ்தவம்தானே! விலை ஏறுகிற நாளில் முழத்தின் நீளம் குறைவதைவிட இடைவெளி அகலமாவதில்தான் நாம் ஏமாறுகிறோம். மடங்கின முழங்கை கண்ணுக்குத் தெரிந்துவிடும், தளர்ந்த கட்டு வீட்டுக்கு வந்து தலையில் வைத்த பிறகுதான் தெரியும். பேத்திக்கென்று ஒரு சாண் பூவைச் சும்மாவே கிள்ளிக் கொடுத்தார். "இதையும் அளந்துக்க" என்றார்.

இதில் ஒரு வேடிக்கை. 2009-ல் வந்த சட்டமுறை எடையளவுச் சட்டப்படி வியாபாரத்தில் மெட்ரிக் அளவைத் தவிர வேறு எதிலும் விலை சொல்லக் கூடாதாம். அப்படியானால் சித்திரை வீதிப் பூக்காரர்கள் அத்தனை பேரும் தினம் சாயங்காலம் சட்டத்தை மீறுகிறார்கள்! தராசை முத்திரை போடலாம், முழங்கைக்கு எங்கே முத்திரை குத்துவது? டி.வி. பெட்டிக்காரர்கள் மட்டும் சட்டத்துக்குப் பயந்து அட்டையில் '80 செ.மீ.' என்று பெரிதாகப் போட்டு, பக்கத்தில் 32 இஞ்சையும் போட்டுவிடுகிறார்கள். நாம் படிப்பது அந்த 32-ஐத்தான்.

துணிக் கதை கொஞ்சம்தான். சுங்குடிச் சேலையை 'ஆறு கஜம்' என்று சொல்லி வாங்கிக்கொண்டு, ஐந்தரை மீட்டர் என்று அட்டையில் படிக்கிறோம். இரண்டும் ஒன்றுதான். ரவிக்கைத் துணியை 80 சென்டிமீட்டர் கேட்டு வாங்கி, தையற்காரரிடம் "உடம்பு 38, கை 9" என்று இஞ்சில் சொல்கிறோம். அவர் டேப்பில் இரண்டு பக்கமும் இருக்கிறது, அதனால் பிழைத்தோம்.

நகைக்கும் ஒரு வார்த்தை. பவுன் என்பது வெள்ளைக்காரன் அடித்த சவரன் காசிலிருந்து வந்தது. அந்தக் காசு கிட்டத்தட்ட 8 கிராம், அதுவே நமக்குப் பவுன் ஆகிவிட்டது. சம்பந்தம் பேசும்போது "எத்தனை பவுன் போடுறீக?" என்றுதான் கேட்பார்கள். 'எத்தனை கிராம்' என்று கேட்டால் கேட்கிறவருக்கே வெட்கமாக இருக்கும் போலிருக்கிறது. (கேட்காமலே இருந்தால் இன்னும் நல்லது, அது வேறு விஷயம்.) ஆனால் தெற்காவணி மூல வீதியில் கடைக்குள் போனால் பில் கிராமில்தான் வரும், அதுவும் புள்ளிக்குப் பிறகு மூன்று எண்ணோடு. அடகு வைத்தாலும் ரசீதில் கிராம்தான். மூன்று பவுன் சங்கிலி என்று மனசில் வைத்திருப்பவர்கள் ரசீதில் 24 கிராம் இருக்கிறதா, கல், அரக்குக்கு எவ்வளவு கழித்திருக்கிறார்கள் என்று அங்கேயே எட்டால் வகுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்து வகுத்துப் பிரயோஜனமில்லை.

இத்தனையும் எழுத வைத்த இன்னொரு காரியத்தைச் சொல்லிவிடுகிறேன்.

என் நாத்தனார், கணவரை இழந்தவர். அவர் வேலை பார்த்த வகையில் வந்த பணத்தில், பையனுக்கு ஒரு இடம் வாங்கிப் போடலாம் என்று திருமங்கலம் பக்கம் ஒரு மனை பார்த்தார். 'ஐந்து சென்ட், சென்ட் இவ்வளவு' என்று பேசி முடித்து அட்வான்சும் கொடுத்துவிட்டார். பேத்தி காய்ச்சலைப் பார்க்க வந்தவர் பையிலிருந்து பட்டா நகலை எடுத்து, "மதினி, எல்லாம் சரியா இருக்கான்னு பாருங்க" என்று நீட்டினார்.

பட்டாவில் பரப்பு என்ற இடத்தில் 'ஹெக்டேர் - ஏர்' என்று போட்டு, கீழே 0 - 01.50 என்று இருந்தது. "அஞ்சு சென்ட்னு எங்கேயும் இல்லையே?" என்றேன். "அது சர்க்கார் கணக்கு, வேற மாதிரிதாம்மா இருக்கும், நீங்க கண்டுக்காதீகன்னு புரோக்கர் சொன்னாரு" என்றார்.

வேறு சமயமாக இருந்தால் நானும் 'இருக்கும், இருக்கும்' என்று மடித்துக் கொடுத்திருப்பேன். அதற்கு இரண்டு நாள் முன்பு 38.9-ஐப் பார்த்து 'ஒன்றுமில்லை' என்று சொன்னவள் அல்லவா நான்! கை நடுங்கியது. எதிர்வீட்டுப் பெண்ணையே கூப்பிட்டு செல்போனில் கணக்குப் போடச் சொன்னேன். நூறு ஏர் ஒரு ஹெக்டேர். ஒரு ஹெக்டேர் 2.47 ஏக்கர், அதாவது 247 சென்ட். அப்படியானால் ஒரு ஏர் 2.47 சென்ட். ஒன்றரை ஏருக்கு 3.7 சென்ட்தான் வருகிறது!

ஐந்து சென்ட் என்றால் 2178 சதுர அடி. பட்டாப்படி இருப்பது 1614 சதுர அடி. ஐந்நூற்று அறுபது சதுர அடிக்கு மேல் காற்றில் இருக்கிறது. ஒரு படுக்கையறை, ஒரு அடுப்படி, ஒரு கூடம் கட்டுகிற இடம் அது. நாத்தனார் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் என் கணவரும் கொழுந்தனாரும் போய் சர்வேயரை வைத்து அளந்தார்கள். மனைக்கு முன்னால் எல்லோருக்கும் பொதுவாக விட்ட வண்டிப் பாதையையும் சேர்த்து 'அஞ்சு சென்ட்' என்று சொல்லியிருக்கிறார்கள். விற்கிறவர் ஏமாற்றத்தான் நினைத்தாரா, அவர் அப்பா காலத்திலிருந்து அப்படியே சொல்லிப் பழகிவிட்டதா, எனக்குத் தெரியாது. அவருடைய பழைய மூலப் பத்திரத்தில் ஏக்கர், சென்ட் என்று இருந்தது. பட்டாவில் ஹெக்டேர், ஏர். புரோக்கர் கொடுத்த வரைபடத்தில் அடி. ஒரே துண்டு நிலம், மூன்று காகிதம், மூன்று பாஷை. போதாததற்கு அங்கே பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் வந்து குழிக்கணக்கில் வேறு சொன்னாராம். குழி ஊருக்கு ஊர் மாறும் என்பதால் அதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வீடு கட்ட வந்த கொத்தனாரோ, "பன்னெண்டு சதுரம் கட்டலாம்மா" என்றார். சதுரம் என்றால் நூறு சதுர அடி. அது நாலாவது பாஷை!

கடைசியில் இரண்டு தரப்பும் பேசி, 3.7 சென்டுக்கு உண்டான பணத்தை மட்டும் கொடுத்துப் பத்திரம் முடிந்தது. பத்திரத்தில் ஏர், சென்ட், சதுர அடி மூன்றையும் எழுத வைத்தோம். நான்கு பக்கமும் எத்தனை அடி, மீட்டரில் எவ்வளவு என்பதையும் சேர்த்து. எழுதுகிறவர் முணுமுணுத்தார், நாத்தனார் விடவில்லை. அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே பட்டாவை யாரிடமாவது காட்டியிருந்தால் இந்தப் பதைபதைப்பே இருந்திருக்காது என்று இப்போது சொல்கிறார். 'கண்டுக்காதீங்க' என்று யார் சொன்னாலும் அந்த இடத்தில்தான் கண்ணை வைக்க வேண்டும் என்பது என் கட்சி.

இப்போது எங்கள் வீட்டு அடுப்படி அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒரு காகிதம் ஒட்டியிருக்கிறேன். காலண்டர் தாளின் பின்பக்கம்தான். 37-க்கு 98.6, 38-க்கு 100.4, 39-க்கு 102.2, 40-க்கு 104 என்று முதலில் காய்ச்சல். அதன் கீழே ஒரு ஏர் 2.47 சென்ட், ஒரு சென்ட் 435.6 சதுர அடி. ஒரு பவுன் 8 கிராம். ஒரு பலம் 35 கிராம். மகள் வந்தபோது பார்த்துவிட்டுச் செல்போனில் போட்டோ பிடித்துக்கொண்டாள். மாமியார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலிருந்து கீழ்வரை படித்துவிட்டு, "எல்லாம் எழுதுனவ, உழக்க எழுத மறந்துட்டியே" என்றார். அவருடைய பித்தளை உழக்கில் தண்ணீர் நிறைத்து, பேத்தியின் மருந்து மூடியால் ஒவ்வொன்றாக அளந்துகொண்டிருக்கிறோம். பாதியில் பேத்தி எண்ணிக்கையை மறந்துவிட்டதால் மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்திருக்கிறோம்.

உங்கள் வீட்டில் இன்னும் புழங்குகிற அளவு ஏதாவது என் காகிதத்தில் விட்டுப்போயிருந்தால் எழுதுங்கள் தோழிகளே. கீழே கொஞ்சம் இடம் பாக்கி இருக்கிறது.

- ஒரு வாசகி, மதுரை.